ஹப்டிக்: தொடுகையா, பற்றுக்கையா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து பெத்தாவை மட்டக்களப்பில் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போன நாளில்தான் இந்தச் சொல்லை முதலில் கேட்டேன். கண்ணுக்குள் லென்ஸைத் தாங்கும் பை பலமில்லை, அதனால் செயற்கை லென்ஸின் ஹப்டிக்கைக் கண்ணின் வெள்ளைச் சுவரிலேயே பொருத்த வேண்டும் என்றார் டொக்டர். வெளியே வந்ததும் பெத்தா கேட்டார்: "அதென்ன மனே, ஹப்டிக்?"

தேடினால் 'தொடுகை', 'தொட்டுணர்வு' என்றுதான் வருகிறது. கைத்தொலைபேசியின் அதிர்வையும் ஹப்டிக் என்பார்கள், அதற்கு அது சரி. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் எதையும் தொட்டு உணர்வதில்லையே.

செயற்கை லென்ஸின் நடுவில் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் அகலமான வட்டம் இருக்கும். ஒளியைக் குவிப்பது அதுதான். அதன் இரு பக்கமும் நூல் போல வளைந்து நீளும் இரண்டு கைகளே ஹப்டிக். 1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாகப் பொருத்திய லென்ஸுக்கு இப்படிக் கைகள் இல்லை. பாரமான வில்லை அது. சிலருக்கு இடம் பெயர்ந்தும் போனது. கைகளின் அருமை அதில் விளங்கும்.

சொல்லின் வேர் கிரேக்கத்தின் 'ஹப்டெய்ன்'. அதற்குப் பிணைத்தல், தொடுதல் என்று பொருள். தீ மூட்டுதல் என்றும் பொருள் உண்டு. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம்முடைய 'பற்று' அப்படியே இதுதானே! கையைப் பற்றுகிறோம், சுவரில் பாசி பற்றுகிறது, அடுப்பைப் பற்றவைக்கிறோம். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே வினைக்குள் இத்தனையையும் வைத்திருக்கின்றன.

ஆகவே ஹப்டிக்குக்கு என் தெரிவு 'பற்றுக்கை'. 'பற்றுக்கம்பி' என்றும் சொல்லலாம், கொடிகளின் சுருளுக்கு அந்தப் பெயர் உண்டு. ஆனால் கம்பி என்றதும் கண்ணுக்குள் இரும்பா என்று வயதானவர்கள் பயந்துவிடுவார்கள். இது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

பை பலவீனமானவர்களுக்குப் பற்றுக்கையை நிறுத்தும் வழிகள் பல. மெல்லிய நூலால் வெள்ளைச் சுவரோடு தைப்பது பழைய வழி. 2007இல் சென்னையில் அமர் அகர்வால் பசை முறையைக் கொண்டுவந்தார். பெயரில் பசை இருந்தாலும், லென்ஸைத் தாங்குவது சுவருக்குள் குடைந்த சிறு சுரங்கத்தில் செருகிய பற்றுக்கைதான்; பசை, அதற்காகச் சுவரின் மேற்பரப்பில் வெட்டித் திறந்த மெல்லிய மடலை ஒட்டி மூடுகிறது. ஜப்பானின் யமானே 2017இல் வெளியிட்ட முறையில் பசையும் இல்லை, தையலும் இல்லை. இரண்டு நுண்ணிய ஊசிகளுக்குள் பற்றுக்கைகளை நுழைத்து வெளியே இழுத்து, நுனியைச் சூட்டால் உருக்கிக் குமிழாக்குவார்கள். அந்தக் குமிழ் சுவருக்குள் அமர்ந்து, கை உள்ளே வழுகாமல் தடுக்கும்.

பெத்தாவுக்கு இப்படிச் சொன்னேன்: "வாவியில தோணிய ரெண்டு பக்கமும் முளையடிச்சுக் கட்டுற மாதிரி, லென்ஸ்ட ரெண்டு கையும் கண்ணுச் சுவரைப் பத்திப் பிடிச்சிருக்கும்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அசையாது" என்றார்.

அபூர்வமாக அசைவதும் உண்டு. பற்றுக்கை நழுவினால் பார்வை திடீரென மங்கும், சிலருக்கு இரட்டையாகவும் தெரியும். அப்படியானால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்ட வேண்டும்.