கொலிஜ் வேறு, பல்கலைக்கழகம் வேறு

விசாவுக்குச் சொத்து அறிக்கை கேட்டு என் அலுவலகத்துக்கு வருபவர்கள் நிறையப் பேர். கணக்காளரின் கையொப்பம் வேண்டும், காணி உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் பார்த்துப் போட்டுக் கொடுப்பேன், அதோடு என் வேலை சரி. ஆனால் போன கிழமை கோப்பாயிலிருந்து ஒரு அம்மாவும் மகனும் வந்தார்கள். தம்பி உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவில் நல்ல இசட் புள்ளி எடுத்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முகாமைத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறார். அதை விட்டுவிட்டு, மூன்று பரப்புக் காணியை விற்று, கனடாவில் இரண்டு வருட பிஸ்னஸ் டிப்ளோமா படிக்கப் போகிறாராம். இந்த வருடம் இது எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

"அங்கையும் கம்பஸ்தானே சேர்?" என்றார் அம்மா.

இல்லை அம்மா, அது பல்கலைக்கழகம் இல்லை. அனுமதிக் கடிதத்தில் கொலிஜ் என்றுதான் இருந்தது. எங்கள் ஊரில் கொலிஜ் என்றால் பள்ளிக்கூடம், அதனால் வெளிநாட்டுக் கொலிஜ் என்றதும் அதைவிடப் பெரிய ஏதோ என்று நினைத்துவிடுகிறோம். கனடாவில் அது பெரும்பாலும் டிப்ளோமாவும் தொழிற்பயிற்சியும் தரும் இடம். முன்பு அரச கொலிஜில் எதைப் படித்தாலும் பிறகு வேலை அனுமதி கிடைக்க வழியிருந்தது, அந்தக் கதையைத்தான் ஏஜென்சிக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு, டிப்ளோமா என்றால் குறிப்பிட்ட துறைகளில் இருந்தால்தான் அந்த வேலை அனுமதி, வணிக முகாமைத்துவம் அந்தப் பட்டியலில் இல்லை. இளமாணி, முதுமாணிப் பட்டங்களுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை. திரும்பவும் சொல்கிறேன், பட்டத்துக்கு இல்லை, டிப்ளோமாவுக்கு உண்டு. பட்டமா டிப்ளோமாவா என்று கேட்காமல் காணியை விற்காதீர்கள்!

இங்கே எல்லாம் திறம் என்று சொல்லவில்லை. கம்பஸில் இழுபறி உண்டு, ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் கல்விக் கட்டணம் இல்லை, படிக்கும்போதே ஏஏடி, சிஏ என்று கணக்கியல் தொழிற்தகைமை ஒன்றைத் தொடங்கலாம். என்னிடம் பயிற்சிக்கு வந்து அப்படிப் படித்த பிள்ளைகள், பிறகு முதுமாணிக்கு வெளியே போகும்போது நாலு இடத்தைப் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். பிரித்தானியா என்றால் 2024 ஜனவரி முதல் தொடங்கும் சாதாரண ஒரு வருட முதுமாணிக்கு மனைவி பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாது, அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

கனடாவுக்கு, கியூபெக் தவிர, 2025 செப்டம்பர் முதல் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக ஒருவர் 22,895 கனேடிய டொலர் காட்டவேண்டும். ஒரு மாதம் வட்டிக்கு வாங்கிக் காட்டலாம் என்று யாரும் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். அந்தக் காசுக்கு நான் கையொப்பம் போடமாட்டேன், கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரரும் இருக்கிறார்கள்.

இனி அறிக்கைக்கு வருபவர்கள் தயவுசெய்து அனுமதிக் கடிதத்தையும் கொண்டுவாருங்கள். ஏஜென்சி வட்சப்பில் அனுப்பிய முதற்பக்கம் போதாது, முழுக்கடிதமும் வேண்டும்.