ஒளியைச் செலுத்தி ஒலியைக் கேட்கும் ஸ்கான்

களுவாஞ்சிகுடியிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: டோர்ச்சை உள்ளங்கையால் மூடினால் விரல்கள் சிவப்பாக ஒளிர்கின்றனவே, அந்த ஒளியைக் கொண்டே உடலின் உட்புறத்தைப் படம் பிடிக்க முடியாதா?

ஒளி உடலுக்குள் சில சென்ரிமீற்றர் ஆழம்வரை பரவுகிறது. ஆயினும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் செல்வதற்குள் பலமுறை சிதறித் தன் திசையை இழந்துவிடுவதால், அதனால் தெளிவான உருவத்தைத் தர இயலாது. காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியான கழியொலியோ (அல்ட்ராசவுண்ட்) இழையங்களில் மிகக் குறைவாகவே சிதறுகிறது. கலங்கிய மட்டக்களப்பு வாவியின் அடித்தளம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கல்லடிப் பாலத்தருகே தோணியிலிருந்து துடுப்பை நீரில் ஊன்றிக் காதை வைத்தால் மீன்பாடும் ஓசை கேட்கும் என்பர். ஒளியொலிப் படமாக்கல் (photoacoustic imaging) எனும் ஸ்கான் முறையும் அப்படித்தான்: உடலின் உள்ளே ஒளியைச் செலுத்தி, வெளியே வரும் ஒலியைக் கேட்கிறது. விட்டுவிட்டு விழும் ஒளி பொருள்களில் ஒலியை எழுப்புவதை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880 இலேயே கண்டறிந்தார்.

இதில் என்னை மிகவும் கவர்வது அந்த ஒலி பிறக்கும் விதம். 0.15 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு குருதிக்குழாயை எடுத்துக்கொள்வோம். அதைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 100 நனோசெக்கன் தேவை. லேசர்த் துடிப்போ 10 நனோசெக்கனுக்குள் முடிந்துவிடுகிறது. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது, ஆனால் விரிவதற்கு அதற்கு நேரமில்லை. விரிய வழியில்லாததால், வெப்பநிலை ஒரு பாகையின் ஆயிரத்திலொரு பங்கே உயர்ந்தாலும் சுமார் 800 பஸ்கால் அமுக்கம் உண்டாகி, மறுகணமே கழியொலி அலையாக வெளிப்படுகிறது. அதே சக்தியை ஆறுதலாகக் கொடுத்தால் குழாய் மெல்ல விரிந்துவிடும். கேட்கத்தக்க அலை எழாது. தோலின்மேல் வைத்த உணரியை அலை 20 மைக்ரோசெக்கனில் அடைந்தால், அது பிறந்த இடம் 3 சென்ரிமீற்றர் தொலைவில் உள்ளது. வழமையான ஸ்கானில் ஒலி போய்த் திரும்ப வேண்டும். இங்கே ஒருவழிப் பயணமே.

ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபின் 850 நனோமீற்றர் ஒளியையும், ஒட்சிசனை இழந்தது 750 நனோமீற்றர் ஒளியையும் கூடுதலாக உறிஞ்சுவதால், இரு அலைநீளங்களிலும் கேட்டு ஒப்பிட்டுக் குருதியின் ஒட்சிசன் அளவையும் அறியலாம்.

தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சுகிறது. கருமையான தோலில் உள்ளே செல்லும் ஒளி குறைவதோடு, மேற்பரப்பிலேயே எழும் வலுவான ஒலி ஆழத்தின் ஒலியையும் மறைக்கிறது. எங்களைப் போன்ற தோல் நிறமுடையோரிடம் இக்கருவிகளைப் போதியளவு சோதித்துத் திருத்தாமல் எங்கள் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவருவது முறையன்று என்பதே என் உறுதியான கருத்து. லேசருக்குப் பதிலாக மலிவான எல்ஈடி விளக்குகளைப் பயன்படுத்தும் கருவிகளும் உள்ளன. அவற்றின் ஆழம் குறைவெனினும், தோலுக்கு அண்மையிலுள்ள குருதியோட்டத்தை அவற்றால் பார்க்கலாம். பௌதிகவியலும் மருத்துவமும் ஒருங்கே கற்பிக்கப்படும் கிழக்குப் பல்கலைக்கழகம் இவ்வாய்வுக்குப் பொருத்தமான இடம். அதற்கான நிதியை அரசு தயங்காமல் ஒதுக்க வேண்டும்.