தவிட்டு மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள்

சென்ற ஆண்டு வெள்ளக்கோவில் பக்கம் ஒரு கறிக்கோழிப் பண்ணைக்கு அழைத்திருந்தார்கள். பதினெட்டாம் நாள் குஞ்சுகள். ஒன்றைத் தூக்கினால் எழுநூறு கிராம், பக்கத்தில் நிற்பதைத் தூக்கினால் நானூறு. கூளம் ஈரமாகிக் காலில் ஒட்டியது. செத்ததில் இரண்டை அறுத்துப் பார்த்தேன். கல்லீரல் வெளிறி மஞ்சள் பாய்ந்து வீங்கியிருந்தது. "தீவனம் எங்கே அரைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பண்ணைக்காரர் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். வெறும் சிமெண்டுத் தரையில், சுவரை ஒட்டித் தவிட்டு மூட்டைகள். ஒன்றுக்குள் முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே கதகதவென்று சூடு. எடுத்த பிடி கட்டி கட்டியாக வந்தது, காறல் வாடை அடித்தது.

அவரைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. எத்தனால் ஆலைகளுக்கு மக்காச்சோளம் போகத் தொடங்கியதிலிருந்து அதன் விலை சிறு பண்ணையாளரின் கழுத்தை நெரிக்கிறது. செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகும்போது, தவிடு, குருணை, எத்தனால் ஆலையின் உலர் கழிவான டிடிஜிஎஸ் ஆகியவற்றின் பக்கம் மனம் போவது நியாயம். சரியாகப் பயன்படுத்தினால் பலனும் உண்டு.

இவற்றில் குருணை நம்பகமானது. எரிசக்தியில் மக்காச்சோளத்துக்கு ஈடு கொடுக்கும்; மஞ்சள் நிறமிதான் இல்லை, கோழியின் தோல் வெளிறும். மஞ்சள் தோல் கேட்கும் சந்தை என்றால் கவனியுங்கள்.

தவிடு வேறு கதை. அரிசியைத் தீட்டிய கணமே தவிட்டில் உள்ள லைப்பேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். பச்சரிசித் தவிடு சில நாட்களிலேயே காறிப்போகும். புழுங்கல் அரிசித் தவிட்டில் நெல்லை அவிக்கும்போதே அந்த நொதி அடங்கிவிடுவதால் கொஞ்சம் தாங்கும். ஆனால் அதுவும் காற்றுப் பட்டு மெல்லக் காறும். காறிய எண்ணெய் தீவனத்தின் வைட்டமின் ஈ-யையும் அழிக்கும். ஆகவே தவிடு வாங்கும்போது விலைக்கு முன்னால் இரண்டு கேள்விகள்: எந்த அரிசி, என்றைக்கு அரைத்தது? காங்கயம் ஆலைகள் பக்கத்தில் இருக்க, மாதக் கணக்கில் அடுக்கி வைக்கத் தேவையே இல்லை.

எண்ணெய் நீக்கிய தவிடு காறாது. ஆனால் மக்காச்சோளத்தில் கிலோவுக்குச் சுமார் 3,300 கிலோ கலோரி என்றால், இதில் 2,000-ஐ ஒட்டியே இருக்கும். நார் அதிகம். இரைப்பை நிறையும், எடை ஏறாது. மலிவு என்று கூடுதலாகக் கலந்தவர்கள், கோழியை மேலும் ஐந்து நாள் வளர்த்து அந்த லாபத்தை இழந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டிடிஜிஎஸ்ஸில் மாவுச்சத்து சாராயமாகப் போய்விடுவதால் புரதம் செறிகிறது. அதே கணக்கில், தானியத்தில் இருந்த பூஞ்சை நச்சும் ஏறக்குறைய மூன்று மடங்கு செறியும். அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருக்கிறதா என்ற பரிசோதனை இல்லாமல் ஒரு மூட்டையும் இறக்காதீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது. அங்கே மாதிரி கொடுத்துப் பாருங்கள். புரதம் காட்ட யூரியா கலப்பவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் கொஞ்சத்தை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, வறுக்காத சோயா மாவைச் சேர்த்து மூடி வையுங்கள். சிறிது நேரம் கழித்துத் திறக்கும்போது அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

என் அனுபவத்தில், முதல் பத்து நாள் தீவனத்தில் தவிடோ டிடிஜிஎஸ்ஸோ கூடாது. குஞ்சின் குடல் அதற்குத் தயாராக இல்லை. பிறகு ஐந்து சதவீதத்தில் தொடங்குங்கள், கடைசிக் கட்டத்தில் பத்தை எட்டலாம். ஃபைட்டேஸ் நொதி சேர்த்தால் தவிட்டில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸும் கிடைக்கும். லைசின் என்ற அமினோ அமிலத்தின் குறையை ஈடு செய்ய மறக்க வேண்டாம். மூட்டைகளை மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள்.

ஒவ்வொரு லோடிலும், அரைத்த ஒவ்வொரு கலவையிலும் ஒரு பிடி எடுத்துத் தேதி எழுதி, கோழி விற்று முடியும் வரை பத்திரப்படுத்துங்கள். அந்தப் பண்ணையில் முதல் பத்து நாள் போட்ட தீவனத்தில் ஒரு பிடிகூட மிச்சமில்லை. கெடுத்தது எந்த லோடு என்று சொல்ல என்னாலும் முடியவில்லை, விற்றவரிடம் போய்க் கேட்க அவரிடமும் ஆதாரம் இல்லை.