வெயிலில் உயிர் போனால் 4 லட்சம்: எந்தக் காகிதம் முக்கியம்?

புயலில் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. வெள்ளத்தில் இறந்தாலும் உண்டு. வெயில் சுருட்டிப் போட்டு உயிர் போனால் மட்டும் தமிழ்நாட்டில் வெகுகாலம் எதுவும் கிடையாது. மத்திய அரசின் பேரிடர் பட்டியலில் அப்போது குளிர் அலைக்கு இடம் இருந்தது, வெப்ப அலைக்கு இல்லை. 2024 அக்டோபரில்தான் தமிழ்நாடு அரசு வெப்ப அலையையும் மாநிலத்துக்கான பேரிடராக அறிவித்து அரசாணை போட்டது.

இதன்படி, வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கிடைக்கும். நிவாரணப் பணியில் இருக்கும்போது இறந்தவர்களுக்கும் இது பொருந்தும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து பணம் வரும். தண்ணீர்ப் பந்தல், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆகியவற்றுக்கான செலவையும் இதே நிதியில் எடுக்கலாம்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு, அதில்தான் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்ளும். மரணத்துக்குக் காரணம் வெப்பம்தான் என்று உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்குக் கான்கிரீட் போடும் இடத்தில் சித்தாள் ஒருவர் சரிந்து விழுகிறார் என்று வையுங்கள். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விடுகிறது. "நெஞ்சு வலி வந்துச்சா?" என்று கேட்டால், பதறிப்போன சொந்தக்காரர் "ஆமாங்க" என்று சொல்லிவிடுவார். சீட்டில் மாரடைப்பு என்று ஏறிவிடும். வெயில் அங்கேயே காணாமல் போகும்.

அதனால் டாக்டரிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்: எத்தனை மணியிலிருந்து வெயிலில் நின்றார், எங்கே விழுந்தார், உடம்பு எப்படிச் சுட்டது. உடல் வெப்பநிலையை அளந்து பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவதும் புத்தி தடுமாறுவதும் ஹீட் ஸ்ட்ரோக்கின் அடையாளங்கள். இறந்துவிட்டால் உடற்கூராய்வு வேண்டாம் என்று மறுக்காதீர்கள். துக்கத்தில் இதைச் சொல்வது கொடுமைதான், ஆனால் அடக்கம் முடிந்த பிறகு காரணத்தை நிரூபிப்பது மிகவும் கடினம். கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் உடனே தகவல் கொடுங்கள். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் எப்படியும் தேவைப்படும், அவற்றையும் தள்ளிப்போடாமல் வாங்கிவிடுங்கள்.

ஆனால் 4 லட்சம் ஒரு ஆளுக்கு ஈடாகாது. விழுந்தவரைக் காப்பாற்றும் நேரம் மிகக் குறைவு. 108-க்குப் போன் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்குத் தூக்கிப் போய்த் துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு மூன்றிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும்.

நினைவோடு களைத்திருப்பவருக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம். பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்குங்கள். உங்கள் பகுதியில் தண்ணீர்ப் பந்தல் இல்லையென்றால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் பேசிக் கேளுங்கள்.