தேங்காய்ப்பாலை வேண்டுமென்றே திரிய விடும் சமையல்

தேங்காய்ப்பால் ஊற்றிவிட்டால் அடுப்பைக் குறைக்க வேண்டும், ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். வேலூர் பக்கத்து வீடுகளில் குருமாவுக்கும் இதுதான் சட்டம், ரம்ஜான் மாதத்து நோன்புக் கஞ்சிக்கும் இதுதான். மறந்துபோய்க் கொதிக்க விட்டால் பால் திரிந்து, திப்பி திப்பியாக மிதக்கும். மேலே எண்ணெய் தனியாக நிற்கும். சமைத்தவர் முகம் அதைவிட மோசமாக இருக்கும்.

காட்பாடியில், கல்லூரி மாணவர்களை நம்பி நடக்கும் ஒரு சின்ன தாய்லாந்து உணவகத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். நாலைந்து மேஜைதான். சமையல் கட்டுக்கும் நமக்கும் நடுவில் இடுப்பளவு சுவர், அதனால் எல்லாமே கண்ணில் படும். கிரீன் கறி கேட்டால், சமையல்காரர் வெறும் வாணலியில் கெட்டியான முதல் பாலை ஊற்றித் தீயை முழுக்க ஏற்றிவிடுகிறார். பிறகு அது திரியக் காத்திருக்கிறார். பக்கத்து மேஜையில் குடும்பத்தோடு வந்திருந்த ஒரு அம்மா கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, பால் திரிஞ்சுபோச்சு பாருங்க, எண்ணெய் மேல நிக்குது" என்றார். சமையல்காரர் மணிப்பூர்க்காரர், தமிழ் நன்றாகவே வரும். "இல்லம்மா, இது இப்படித்தான் வரணும். பிரியலைன்னாதான் நான் மறுபடி செய்யணும்" என்றார். அம்மா நம்பியதாகத் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேர் சொன்னதும் சரி. தேங்காய்ப்பால் என்ன பொருள் என்று பார்த்தால் அது புரியும்.

தண்ணீர் அதிகம் சேர்க்காமல் பிழிந்த முதல் பாலில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு கிராம்தான். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்று தெரியும். ஆனால் இங்கே எண்ணெய் சில மைக்ரான் அளவுள்ள துளிகளாகச் சிதறி நிற்கிறது. இப்படிப்பட்ட கலவைக்குப் பாடப்புத்தகத்தில் பால்மம் என்று பெயர், எமல்ஷன் என்றும் சொல்வார்கள். துளிகள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால்தான் நிறமில்லாத எண்ணெயும் நிறமில்லாத தண்ணீரும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகின்றன. துளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பது அந்தக் கொஞ்சூண்டு புரதம். ஒவ்வொரு துளியையும் அது மேல்தோலாக மூடியிருக்கிறது.

இந்தத் தோல் அவ்வளவு உறுதியானது இல்லை. பிழிந்து வைத்த பாலைச் சில மணி நேரம் சும்மா விட்டாலே கெட்டியான ஏடு மேலே வந்துவிடும், ஏனென்றால் எண்ணெயின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. அது பிரச்சினை இல்லை, ஒரு கலக்குக் கலக்கினால் பழையபடி ஆகிவிடும். சூடுதான் வேறு கதை. 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுருண்டிருந்த புரதங்கள் அவிழத் தொடங்குகின்றன. அவிழ்ந்தவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டியாகின்றன. தோல் போன துளிகள் மோதிச் சேர்ந்து பெரிய துளிகளாகி மேலே வந்துவிடுகின்றன. இதற்கப்புறம் எவ்வளவு கலக்கினாலும் பழைய பால் திரும்பி வராது.

புளிப்பு இருந்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். புரதங்கள் தம் மேலுள்ள மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன. அமிலம் ஏறி பிஎச் அளவு 4 பக்கம் வந்தால் தேங்காய்ப் புரதங்களில் அந்த மின்னூட்டம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது, அவை கூடி ஒட்டிக்கொள்கின்றன. குருமாவில் தக்காளி அதிகமாகிவிட்ட நாளில் பால் சட்டென்று திரிவது இதனால்தான். அதே குருமாவில் அரைத்துவிடும் பொட்டுக்கடலையும் கசகசாவும் எதிர்ப்பக்கத்து வேலையைச் செய்கின்றன. குழம்பு கெட்டியாகும்போது துளிகள் ஓடி ஒன்று சேர்வது கடினமாகிறது. நம் சமையலில் இந்தக் கூட்டணி சும்மா வந்ததில்லை என்பது என் எண்ணம்.

சரி, குருமாவில் குற்றமாக இருப்பது அந்த வாணலியில் எப்படிக் கைத்திறனாக மாறுகிறது? விடை தண்ணீரில் இருக்கிறது.

குருமாவில் பால் திரிந்தால் தண்ணீர் போவதில்லை. நீர்த்த சாறு ஒரு பக்கம், புரதத் திப்பி ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம் என்று மூன்றும் ஒரே பாத்திரத்தில் பிரிந்து கிடக்கின்றன. வாயில் வைத்தால் எதுவும் எதோடும் சேராது. தாய்லாந்துச் சமையலில் தண்ணீரை முதலிலேயே வெளியேற்றிவிடுகிறார்கள். அங்கும் முதல் பால், இரண்டாம் பால் என்று தனித்தனியாகத்தான் எடுக்கிறார்கள். கெட்டியான முதல் பாலை அகலமான வாணலியில், மூடி போடாமல், நல்ல தீயில் வைத்தால் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் துளிகளை மிதக்க வைக்கவே தண்ணீர் போதாது. பால்மம் உடைகிறது, பளபளவென்று எண்ணெய் கசிந்து வருகிறது. உருக்குத் தேங்காய் எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் செய்வதும் இதேதான். அவர்கள் கடைசிவரை போகிறார்கள், இவர்கள் பாதி வழியில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

காதைத் தீட்டினால் இதைக் கேட்கவும் முடியும். முதலில் கொழகொழவென்று குமிழி வெடிக்கும் சத்தம். தண்ணீர் குறையக் குறைய அது சடசடவென்று பொரியும் சத்தமாக மாறும். தண்ணீர் இருக்கும்வரை வாணலிக்குள் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. தீயை எவ்வளவு ஏற்றினாலும் அந்தச் சூடெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். (வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால், கறாராகச் சொன்னால் 99 சொச்சம்.) தண்ணீர் போனதும் எண்ணெயின் சூடு மளமளவென்று ஏறும். அரைத்த விழுதைப் போட வேண்டிய நேரம் அதுதான்.

விழுதில் பச்சை மிளகாய், எலுமிச்சைப்புல், அரத்தை, பூண்டு, சின்ன வெங்காயம், கொத்தமல்லி வேர், மக்ரூட் எலுமிச்சையின் தோல், இறால் விழுது எல்லாம் இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் காய்கறி கிரீன் கறி என்று ஆர்டர் செய்வதற்கு முன் அந்தக் கடைசிப் பொருளையும், பின்னால் ஊற்றும் மீன் சாஸையும் பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது.

இவற்றின் மணமும் நிறமும் காரமும் பெரும்பாலும் எண்ணெயில் கரையும் வகையைச் சேர்ந்தவை. எலுமிச்சைப்புல்லுக்கு மணம் தரும் சிட்ரால் தண்ணீரில் சரியாகக் கரையாது. வெறும் தண்ணீரில் கொதிக்க வைத்தால் ஆவியோடு சேர்ந்து பறந்துவிடும். கடை முழுக்க கமகமவென்று இருக்கும், கிண்ணத்தில் ஒன்றும் இருக்காது. எண்ணெயில் வதக்கினால் மண மூலக்கூறுகள் அதில் கரைந்து தங்கிவிடுகின்றன. பச்சை நிறம் தரும் குளோரோபில்லும் எண்ணெய்க்காரன்தான். ரெட் கறியில் காய்ந்த மிளகாயின் சிவப்பு நிறமியும் அப்படியே. அதனால்தான் கிண்ணத்தின் மேலே மிதக்கும் துளிகள் ஒன்றில் பச்சையாகவும் இன்னொன்றில் செக்கச்சிவப்பாகவும் தெரிகின்றன. சூடு 100 டிகிரியைத் தாண்டியதால் விழுதில் உள்ள சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து வறுத்த வாசனையும் சேர்கிறது. திரிந்த பாலின் திப்பியும் இங்கே பொன்னிறமாகி ருசியாக மாறிவிடுகிறது.

பழைய வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு இது புதுசே இல்லை. ஆம்பூர் பிரியாணிக்கு மசாலா வதக்குகிறவரிடம் எப்போது கறியைப் போடுவது என்று கேட்டுப் பாருங்கள். எண்ணெய் பிரிந்து வர வேண்டும் என்பார். வெங்காயம், தக்காளி, மிளகாய் விழுதில் உள்ள தண்ணீர் போய், ஊற்றிய எண்ணெய் மறுபடி வெளியே தெரிவதுதான் அந்த அடையாளம். அங்கே எண்ணெய் பாட்டிலிலிருந்து வருகிறது, இங்கே தேங்காயிலிருந்தே வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். தாய்லாந்து உணவு நமக்கு ஒத்துவருமா என்று தயங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு மசமன் கறி. பட்டை, ஏலக்காய், கிராம்பு போட்டு, உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் சேர்த்துச் செய்வது. கல்யாண வீட்டு வாசனை வரும்.

ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. அட்டைப் பெட்டியில் வரும் தேங்காய்ப்பாலை வாங்கி இதைச் செய்து பார்த்தால் பெரும்பாலும் பிரியாது. தொழிற்சாலையில் அந்தப் பாலை அழுத்தமாகச் செலுத்தித் துளிகளை இன்னும் பொடியாக்குகிறார்கள். பல பிராண்டுகளில் பாலிசார்பேட் போன்ற பால்மமாக்கியும், கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கம் போன்ற பசையும் சேர்க்கிறார்கள். மாதக்கணக்கில் கடை அலமாரியில் பிரியாமல் நிற்க வேண்டுமே. பிரியாமல் இருப்பதற்காகவே செய்த பாலை நம் அடுப்பு சுலபத்தில் பிரித்துவிடாது. அந்த மாதிரிப் பால்தான் கிடைக்கிறது என்றால் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் விழுதை வதக்கிக்கொள்வதுதான் வழி. பாங்காக்கிலும் இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. நல்ல முற்றின தேங்காய் சந்தையில் கிடைக்கும் ஊரில் பெட்டிப் பாலுக்குப் போவது எனக்கு அபத்தமாகத்தான் படுகிறது. காட்பாடிக் கடையில் காலையில் தேங்காய் துருவி, மிக்ஸியில் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சமாக விட்டு அரைத்துப் பிழிகிறார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் கொழுப்பு இளகிச் சுலபமாக வரும்.

விழுது வதங்கியதும் இரண்டாம் பால். இதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறார்கள். அரைபட்ட எலுமிச்சைப்புல் நாரும் வெங்காயமும் எண்ணெயை ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ள, குழம்பு சேர்ந்தும் சேராமலும் நிற்கும். பிறகு மீன் சாஸ், கொஞ்சம் பனைவெல்லம், காய்கள். கிரீன் கறியில் மிதக்கும் பட்டாணி அளவு பச்சைக் காயை அதிசயமாகப் பார்க்க வேண்டாம், அது நம் சுண்டைக்காய். இங்கே வற்றல் போட்டுக் குழம்பு வைக்கிறோம், அங்கே பச்சையாகவே போடுகிறார்கள். கூடவே சின்ன உருண்டைக் கத்தரிக்காய். அதற்குப் பதில் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைப் போட்டால் என்ன என்று சமையல்காரரிடம் கேட்டேன். போட்டுத்தான் பார்க்கிறோம், குழைந்துவிடாமல் கடைசியில் போட வேண்டும் என்றார்.

எல்லாத் தாய்லாந்து உணவிலும் பாலைத் திரிய விடுவதில்லை. அதே கடையின் டாம் கா சூப்பில் தேங்காய்ப்பால் வெள்ளை வெளேரென்று வழவழப்பாக இருக்கிறது. அதில் எலுமிச்சைச் சாறு உண்டு, ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழிகிறார்கள். சூடும் புளிப்பும் ஒரே நேரத்தில் புரதத்தின் மேல் பாயாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் குருமா வைக்கும் அம்மாவின் சட்டம் இங்கே அப்படியே செல்லும்.

காரத்துக்கு வருவோம். மிளகாயின் கேப்சைசினும் எண்ணெயில் கரைவது. நாக்கில் சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியை அது திறந்துவிடுகிறது. 43 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் திறக்கும் அதே கதவு. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997-ல் இதை அடையாளம் கண்டது, அவர் 2021 மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார். அமிலம் இருந்தால் அந்தக் கதவு இன்னும் குறைந்த சூட்டிலேயே திறக்கும். ஆக, கொதிக்கக் கொதிக்க வரும் டாம் யம் சூப்பில் சூடு, எலுமிச்சை, மிளகாய் மூன்றும் ஒரே இடத்தில் தாக்குகின்றன. கிரீன் கறியிலும் மிளகாய் குறைவில்லை, ஆனால் கேப்சைசினில் பெரும்பகுதி கொழுப்பில் கரைந்து கிடப்பதால் நாக்கின் ஏற்பிகளுக்கு மெதுவாகத்தான் போய்ச் சேர்கிறது. சித்திரை வெயிலில் டாம் யம் குடித்துவிட்டுத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுப் பயனில்லை, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலும் கண்டென்ஸ்டு மில்க்கும் ஊற்றிய தாய்லாந்து ஐஸ் டீ கேளுங்கள். பாலில் உள்ள கேசீன் புரதம் கேப்சைசினைப் பற்றி இழுத்துக்கொண்டு போகும்.

மிச்சமாகிப் பார்சல் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு தகவல். ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே பச்சையாக ஒரு கெட்டிப் படலம் உறைந்து நிற்கும். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், மார்கழியில் தலைக்கு வைக்கும் எண்ணெய் பாட்டிலில் உறைகிறதே, அதேதான். கொழுப்பு என்று வழித்து எறிந்துவிடாதீர்கள், மணம் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது. மிதமான தீயில் கிளறிச் சுட வையுங்கள். கொதித்துவிட்டாலும் கவலையில்லை, திரிய வேண்டிய பால் ஏற்கெனவே திரிந்தாயிற்று. கறியில் போட்ட துளசி வகை இலைகள் மட்டும் கறுத்திருக்கும், வீட்டில் திருநீற்றுப்பச்சிலை இருந்தால் நாலு இலை கிள்ளி மேலே போட்டுக்கொள்ளலாம்.