என்கேஸ்மென்ட்: ரத்தக்குழாய் வளைப்பு

கணையப் புற்றுக்கு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் குடும்பத்தார் முதலில் தேடுவது கட்டியின் அளவைத்தான். ஆனால் நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவாத நிலையில், அறுவை சிகிச்சை செய்யலாமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இன்னும் சில வரிகள் கீழே இருக்கும் 'என்கேஸ்மென்ட்' என்ற சொல். பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாயைக் கட்டி சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. அது பிரெஞ்சு வழியாக வந்து, என்கேஸ்மென்டுக்குள் இருக்கும் 'கேஸ்' ஆனது. அதே காப்சாவிலிருந்து பிறந்த 'காப்சுலா', அதாவது குட்டிப் பெட்டி, 'கேப்சூல்' ஆனது. கட்டிக்குக் கேப்சூல் இருக்கிறது என்றால் கட்டி ஓர் உறைக்குள் அடங்கியிருக்கிறது. என்கேஸ்மென்டிலோ கட்டியே உறையாகி, குழாயை உள்ளே அடைத்துவிடுகிறது. ஆகவே இதை 'உறையிடல்' என்று தமிழாக்கினால் இரண்டும் குழம்பும். தலையணை உறையைக் கழற்றலாம், கத்தி உறையையும் கழற்றலாம். இதை அப்படி உருவி எடுக்க முடியாது.

'முற்றுகை' என்று எழுதலாமே என்றால், பொருள் நெருக்கமாகத்தான் இருக்கிறது. கோட்டையைச் சூழ்ந்துவிட்டார்கள், அது இன்னும் விழவில்லை. ஆனால் 'முற்று' என்ற சொல் காதில் விழுந்ததும் வீட்டில் இருப்பவர் மனத்தில் எழுவது 'நோய் முற்றிப்போச்சு' என்ற எண்ணம். சொல்ல வந்தது இடத்தை, கேட்பவருக்குப் புரிவது முடிவை. அந்தப் பயத்தை ஒரு மொழிபெயர்ப்பு உண்டாக்கக் கூடாது.

நான் சொல்வது 'வளைப்பு'. திருடனை வளைத்துப் பிடித்தார்கள் என்கிறோம் அல்லவா, அந்த வளைப்புதான். குழாய் தானே கோணலாக ஓடினால் அது வளைவு. கட்டி அதைச் சூழ்ந்தால் வளைப்பு. சொல்லின் கடைசியிலேயே வேறுபாடு தெளிவாகிவிடுகிறது.

இதில் கணக்கும் உண்டு. ஒரு வளையலைக் குழாயின் குறுக்குவெட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றில் பாதி வரை, அதாவது 180 டிகிரி வரை கட்டி தொட்டுக்கொண்டிருந்தால் 'அபட்மென்ட்'. முனையோடு முனை சேர்வதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது இது. தமிழில் 'ஒட்டல்' போதும். பாதியைத் தாண்டினால் வளைப்பு. சிறுகுடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியில், டாக்டர்கள் எஸ்.எம்.ஏ. என்பதில், வளைப்பு இருந்தால் பொதுவாக நேரே அறுவைக்குப் போகமாட்டார்கள். மருந்து சிகிச்சை முதலில். சிரை என்றால் நிலைமை கொஞ்சம் இளக்கம். அந்தத் துண்டை வெட்டியெடுத்துவிட்டு மீண்டும் இணைக்க முடிகிற இடமா என்று பார்ப்பார்கள்.

சரி, மீயொலியில், அதாவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், இது எப்படித் தெரியும்? வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேனில் இரைப்பையிலும் குடலிலும் உள்ள காற்று கணையத்தை மறைத்துவிடும். அதனால் நுனியில் மீயொலிக் கருவி பொருத்திய எண்டோஸ்கோப் என்ற நீண்ட குழாயை வாய் வழியாக இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் இறக்குகிறார்கள். அந்தச் சுவருக்கு அடுத்தே கணையம். திரையில் ரத்தக்குழாய் கறுப்பாகவும், அதன் ஓரம் மெல்லிய வெள்ளைக் கோடாகவும் தெரியும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் வசதியைப் போட்டால் ஓடும் ரத்தம் நிறமாக மின்னும். கட்டி நெருங்கும் பக்கத்தில் அந்த வெள்ளைக் கோடு அழிந்திருந்தால் கட்டி குழாய்ச் சுவரைப் பற்றியிருக்கிறது என்ற சந்தேகம் வரும். கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையை இப்படி நன்றாகப் பார்க்கலாம். எஸ்.எம்.ஏ.யின் முழு நீளம் அவ்வளவு எளிதாக அகப்படாது, அதற்கு சி.டி. ஸ்கேனையே முதலில் நம்புகிறார்கள்.

ரிப்போர்ட்டைத் தமிழில் விளக்கும்போது 'ரத்தக்குழாயைக் கட்டி பாதிக்கு மேல் வளைத்திருக்கிறது' என்று சொன்னால் போதும். எந்தக் குழாய் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். தமனியா சிரையா என்பதைப் பொறுத்து அடுத்த சிகிச்சையே மாறும்.