பரப்புக் கவர்தல்: சொல் விளக்கம்

நானோ துகள்கள் தண்ணீரில் கலந்த மருந்துக் கழிவை உறிஞ்சிவிடும் என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். 'உறிஞ்சிவிடும்' என்பது இங்கே பொருந்தாத சொல். ஆய்வாளர்கள் குறிப்பிடுவது அட்சார்ப்ஷன். தமிழகப் பள்ளி வேதியியல் நூல்கள் அதைப் பரப்புக் கவர்தல் என்கின்றன. உறிஞ்சுவது அப்சார்ப்ஷன், பாடநூலில் அது உட்கவர்தல்.

பஞ்சு தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்வது உட்கவர்தல். கரித்தூளில் சாயம் ஒட்டிக்கொள்வது பரப்புக் கவர்தல். சாயம் கரிக்குள் கரைவதில்லை. அதன் பரப்பில் தங்கிவிடுகிறது. கரியின் நுண்துளைச் சுவர்களும் பரப்பில் சேர்த்திதான்.

ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் கைசர் 1881இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அட்சார்ப்ஷன். இதன் இலத்தீன் வேருக்கு உறிஞ்சிக் குடித்தல் என்று பொருள். முன்னொட்டு 'ஒன்றின்மேல்' என்ற குறிப்பைச் சேர்க்கிறது. இலங்கைத் தமிழ் நூல்களில் வழங்கும் 'புறத்துறிஞ்சல்' அந்த வேரை அப்படியே பின்பற்றுகிறது. நான் 'கவர்தல்' பக்கம் நிற்கிறேன். 'கனியிருப்பக் காய்கவர்ந் தற்று' என்ற குறளில் கவர்தல் என்பது பறித்துக்கொள்வது. நீரிலிருந்து மூலக்கூறைப் பறித்துத் தன்மேல் வைத்துக்கொள்ளும் செயலுக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைப்பது அரிது. ஒரு குறை உண்டு: 'பரப்பைக் கவர்தல்' என்று பிரித்துப் படிக்கவும் இடமிருக்கிறது. 'பரப்பிற் கவர்தல்' என்று அமைத்திருந்தால் அந்த ஐயம் எழாது.

நானோ என்பது குள்ளன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அளவையில் நூறு கோடியில் ஒரு பங்கு. தமிழில் மீநுண் என்பார்கள். கவர்தல் பரப்பில் நடப்பதால்தான் இந்தச் சிறுமைக்கு இவ்வளவு மதிப்பு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால், கூட்டிய பரப்பு 6,000 சதுர மீட்டர், ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர்! பொருளின் அளவு ஒரு துளியும் கூடவில்லை.

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகருக்குள் வந்ததும் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமக்கிறது. சாயமாவது கண்ணுக்குத் தெரியும். வலிநிவாரணியான டைக்ளோஃபெனாக், வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமாசெபின் போன்றவை, மாத்திரை விழுங்கும் எந்த ஊரின் கழிவுநீரிலும் நிறமின்றி இருக்கக்கூடியவை. கார்பமாசெபின் வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்களைப் பெரும்பாலும் அப்படியே கடந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'எமர்ஜிங்' என்று அடைமொழி தரும் இவற்றை 'வளர்ந்துவரும் மாசுகள்' என்று எழுதுவது மொழிபெயர்ப்புக் கோளாறு. 'புதிதாகக் கண்டறியப்படும் மாசுகள்' என்பதே சரி; பல காலமாக நீரில் இருந்தவற்றை இப்போதுதான் அளக்கிறோம்.

பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைக்கும் நம் வழக்கமும் கவர்தல் அல்ல. அது மிதக்கும் மண்ணைத் திரட்டிப் படியவைக்கும் முறை. கரைந்த மருந்து அதற்குப் பிடிபடாது.

மாசைக் கவர்ந்த மீநுண் துகளை நீரிலிருந்து எப்படி எடுப்பது? அதற்கு விடை தரும் கனிமங்களில் ஒன்று சேலத்துக்காரர்களுக்கு அறிமுகமானது: கஞ்சமலையின் இரும்புத்தாதுவில் உள்ள, காந்தம் ஈர்க்கும் இரும்பு ஆக்சைடான மேக்னடைட். அந்தத் தாதுவை அப்படியே போடுவதில்லை. அதே சேர்மத்தை ஆய்வகத்தில் இரும்பு உப்புகளிலிருந்து மீநுண் துகள்களாக உருவாக்குகிறார்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் 12 நானோமீட்டர் மேக்னடைட் துகள்களால் ஆர்செனிக்கைக் கவர்ந்து, வலுக்குறைந்த காந்தப்புலத்தாலேயே அவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். மருந்துகளைக் கவர, இத்துகள்களைக் கரிப்பொருளுடன் சேர்த்தும் ஆய்கிறார்கள்.

'உறிஞ்சிவிடும்' என்றதும் மாசு ஒழிந்தது என்று படிப்பவர் நினைத்துவிடுகிறார். கவரப்பட்ட மாசு அழிவதில்லை, இடம் மாறுகிறது. துகளை வெப்பமூட்டியோ கரைப்பானால் கழுவியோ மீட்க வேண்டும், அல்லது பாதுகாப்பாக அகற்ற வேண்டும். அந்தச் செலவையும் பொறுப்பையும் சேர்த்துத்தான் இம்முறையை எடைபோட வேண்டும். டைட்டானியம் டைஆக்சைடு மீநுண் துகள்கள் புறஊதா ஒளியில் மருந்து மூலக்கூறைச் சிதைப்பது வேறு வினை. அதன் பெயர் ஒளிவினையூக்கம்.